சல்மாவின் பாதத்துக்கு ஒரு களிம்பு

1966 மே 2, திங்கள்

காலையிலிருந்து மழை. சிராங்கூன் ரோட்டில் முழங்கால் அளவுத் தண்ணீர் என்று பஸ்ஸில் சொன்னார்கள். இறங்கிப் பார்த்தால் கணுக்கால் அளவுதான். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளினிக்கிற்குள் நுழைந்ததும் டாக்டர் அலீம், "சந்திரமதி, இன்னிக்கு நர்ஸ் வரல. கொஞ்சம் உள்ள வர்றீங்களா? ஒரு புள்ளையோட காலப் பிடிக்கணும்" என்றார்.

இந்தக் குழந்தைகள் தோல் கிளினிக்கில் நான் மருந்தாளராகி ஆறு வருடம் ஆகிறது. மருந்தைக் கலப்பேன், புட்டியில் அடைப்பேன், ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். அதற்குப் பிறகு அந்த மருந்து என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டி வந்ததில்லை. அழுகைச் சத்தம் மட்டும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும்.

குழந்தையின் பெயர் உம்மு சல்மா. நாலு வயது. பாசிர் ரிஸ்ஸில் கடலை ஒட்டிய சின்னக் கிராமம், இங்கே கம்பம் என்பார்கள். அப்பா இப்ராஹீம் அங்கே சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறாராம். அம்மா ருக்கையாவின் மடியில் உட்கார்ந்திருந்தது.

உள்ளங்காலின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. யாரோ சிவப்பு மையில், பேனாவை எடுக்காமல் கிறுக்கிவிட்டுப் போன மாதிரி. வளைந்து, திரும்பி, தன்னையே ஓரிடத்தில் தாண்டிக்கொண்டு போயிருந்தது.

"நாய் பூனை வயித்துல இருக்கிற கொக்கிப்புழு. அதோட முட்டை மணல்ல பொரிக்குது. இது அதோட குஞ்சு" என்றார் டாக்டர். "நாயோட காலுன்னு நெனச்சு ஏறிடுச்சு. உள்ள வந்தப்புறம் எங்க போறதுன்னு தெரியல. தோலுக்குள்ளயே சுத்துது."

சுத்துது. இப்போதா? நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதேவா?

அடுத்து நடந்ததை எழுதத்தான் வேண்டும். எத்தில் குளோரைடு குழாயை எடுத்து, கோட்டின் முனைக்குச் சற்று முன்னால் பீய்ச்சினார். தோல் வெள்ளையாக உறைந்தது. புழு அங்கேதான் இருக்கும் என்பது அனுமானம். கோடு முடிகிற இடத்தைத் தாண்டி எங்கேயோ இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. உறைய வைத்தால் சாகலாம். சாகாமலும் போகலாம்.

அந்தச் சின்னக் காலுக்கு அவ்வளவு வலு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். சல்மா அம்மாவைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்து அலறினாள்.

மே 3

கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கீழே போட்டேன்.

மே 9, திங்கள்

சல்மா மறுபடியும் வந்தாள். உறைய வைத்த இடத்தில் கொப்புளம் எழும்பி உடைந்திருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு கோடு அந்தப்பக்கம் போய்விட்டது. புதிதாக வளர்ந்த பகுதி சுண்டுவிரல் நீளம் இருக்கும்.

"ராத்திரில தூங்க மாட்டேங்குறா மிஸ்ஸி. காலச் சுவத்துல வச்சுத் தேய்க்கிறா" என்றாள் ருக்கையா. சொறிந்து சொறிந்து ஓரமெல்லாம் சீழ் வைத்திருக்கிறது.

டாக்டர் குழாயைக் கையில் எடுத்ததும் குழந்தை மேசைக்கு அடியில் போய்விட்டது. அலறவில்லை. சத்தமே இல்லாமல் மேசைக் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அலறியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். குழாயை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இவளுக்கு இது இனிமே வேணாம்" என்றார். அப்புறம் என்னிடம், "அமெரிக்காலேர்ந்து ஒரு புது மாத்திரை சாம்பிள் வந்திருக்கு. தையாபெண்டசோல். புழுவுக்கு நல்லாக் கேக்குதுன்னு எழுதியிருக்காங்க. பொடிச்சு சிரப்ல குடுத்துப் பாப்போமா?"

மே 12, வியாழன்

கேட்கவில்லை. கேட்கிற அளவுக்குக் குழந்தையின் வயிற்றில் அது தங்கவில்லை. இரண்டு வேளையும் வாந்தி. மூன்றாவது வேளை கொடுத்த பிறகு எழுந்து நடந்தவள் தலைசுற்றி வாசற்படியில் விழுந்துவிட்டாள். ருக்கையா சிரப் புட்டியைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ்ஸி. புழுவோடயே இருக்கட்டும். இது வேணாம்."

பெரியவர்களுக்கே குமட்டுகிற மருந்தாம். டாக்டர் அளவைக் குறைக்கலாமா என்று யோசித்தார். எனக்கு வேறொன்று தோன்றியது. தோன்றியதும் சொல்லிவிட்டேன்.

"டாக்டர், புழு இருக்கிறது தோல்ல. மேலேருந்து ஒரு தாள் கனம்கூட இருக்காது. நாம எதுக்கு வயித்து வழியாச் சுத்திப் போறோம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல தடவிப் பாத்ததா எங்கயோ ஒரு வரி படிச்சேன். எப்படிச் செஞ்சாங்கன்னு இல்ல." பிறகு, "செய்ங்களேன்" என்றார். 'செய்ங்களேன்' என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

மே 14, சனி

மாத்திரைகளைக் கல்வத்தில் இட்டுப் பொடித்து, மல் துணியில் சலித்து, வாஸலினில் குழைத்தேன். நறநறவென்று இருக்கிறது. என் மணிக்கட்டில் ஒருநாள் கட்டி வைத்துப் பார்த்தேன், எரிச்சல் இல்லை. ஒரு டப்பாவில் போட்டு ருக்கையாவிடம் கொடுத்தனுப்பினேன். குடிக்கிற மருந்து இல்லை என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் வாங்கினாள்.

மே 22, ஞாயிறு

ஒரு வாரமாகத் தடவுகிறார்கள், கோடு போய்க்கொண்டே இருக்கிறதாம். களிம்பு பலிக்கவில்லையா, குழந்தை துடைத்துவிடுகிறாளா? இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரர், இவரைக் கூட்டிக்கொண்டு பாசிர் ரிஸ் போனேன். "ஞாயித்துக்கிழமையும் ஆஸ்பத்திரியா?" என்று முனகினாலும் கடல் என்றதும் கிளம்பிவிட்டார்.

அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள், தென்னை, சவுக்கு மரங்கள், அப்புறம் கடல். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் வெறும் மணல். மர நிழலில் ஈரமாக இருக்கிற மணலில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அங்கேயேதான் பூனைகளும்.

"புள்ளைய மணல்ல விடாதீங்கன்னு டாக்டர் சொல்றாரு" என்றார் இப்ராஹீம். "வாசல் கதவத் தொறந்தா மணல்தான். கட்டியா போட முடியும்?"

சல்மா என்னைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். காலைப் பிடித்தவள் அல்லவா நான். கூப்பிட்டால் வரமாட்டாள் என்று தெரிந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி மணலிலேயே உட்கார்ந்தேன். "மிஸ்ஸி, நீங்களே செருப்பக் கழட்டுறீங்களேலா!" என்று இப்ராஹீம் சிரித்தார்.

கையால் மணலைக் குவித்தேன். இடித்தேன். மறுபடி குவித்தேன். வெகுநேரம் கழித்து ஒரு சின்னக் கை வந்து என் குவியலின் மேல் ஒரு சிப்பியை வைத்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாள் என்று பயம். இரண்டு பேருமாக ஒரு கோட்டை கட்டி முடித்தோம். காலையும் அவளாகவே நீட்டிக் காட்டினாள். வாஸலினில் மணல் ஒட்டிக் கெட்டியாகி, ஒரு ஓடு மாதிரி நின்றது.

கொஞ்சம் ஈர மணலைப் புட்டியில் எடுத்து வந்திருக்கிறேன்.

மே 25, புதன்

இன்று பார்த்ததை எழுதுவதற்கு எனக்குத் தமிழ் போதுமா தெரியவில்லை.

நான் கொண்டுவந்த மணலில் துளி எடுத்து டாக்டர் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார். முதலில் மணல்தான் தெரிந்தது. மணல் என்றா சொல்வது! மஞ்சளும் ரோஜா நிறமும் கண்ணாடியுமாக, பாறைகள் குவிந்து கிடக்கும் ஒரு ஊர். அதில் ஒரு பாறையின் உச்சியில் ஒன்று எழுந்து நின்றது. நூலைவிடச் சன்னமான உடம்பு, விளக்கு வெளிச்சம் உள்ளே ஊடுருவிப் போகிறது. வாலை ஊன்றிக்கொண்டு தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் அசைந்தது.

"என்ன பண்ணுது?"

"தேடுது. எந்த உயிராவது பக்கத்துல வருதான்னு. ஊதிப் பாருங்க, மெதுவா."

ஊதினேன். என் மூச்சின் வெப்பம் பட்டதும் அது வேகவேகமாக ஆடியது. இன்னொன்று எழுந்தது. இன்னும் ஒன்று. அந்தப் பாறைகள் முழுக்க அவை எழுந்து நின்று என் மூச்சின் பக்கம் அசைந்தன. கண் இல்லை, காது இல்லை. ஆனாலும் நான் இருப்பது அவற்றுக்குத் தெரிந்துவிட்டது.

இதையா அழிக்கப் போகிறேன் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கொப்புளம் ஞாபகம் வந்தது. ஆமாம், அழிக்கத்தான் வேண்டும். ஆனால் இனி இதை வெறும் அழுக்கு என்று நினைக்க என்னால் முடியாது.

மே 28, சனி

வலது பாதத்தில் அரிப்பு. சுண்டுவிரலுக்குக் கீழே ஒன்றும் குதிகாலுக்கு மேலே ஒன்றுமாக இரண்டு சிவப்புப் புள்ளிகள். கொசுவாக இருக்கும்.

மே 30, திங்கள்

கொசு இல்லை.

காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு புள்ளிகளிலிருந்தும் கோடு கிளம்பியிருக்கிறது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பயம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை. சோற்றுக்கு உலை வைக்கும்போதும், தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதும், இதை எழுதும்போதும் அது உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. என் தோலை நான் ஒரு போர்வை என்று நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு உயிர் நாள்கணக்காக நடக்க இடம் இருக்கிறதா!

இவரிடம் காட்டினேன். உடனே டாக்டரிடம் போய் உறைய வைத்துக்கொள் என்றார். மாட்டேன் என்றேன்.

"மதி, உனக்கென்ன கிறுக்கா? புழுவ வச்சு வளக்கப் போறியா?"

"அந்தப் புள்ள மேல எதையாவது தடவித் தடவிப் பாக்குறதா? என் கால்ல பாத்துட்டு அப்புறம் அவளுக்குக் குடுக்குறேன்."

"ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆகாது. மனுஷ உடம்புல அதால ஆழமாப் போக முடியாதாம். சுத்திச் சுத்திக் கடைசில அதுவே செத்துப்போகும்."

"யாரு சொன்னா? அந்தப் புழு சொல்லிச்சா?"

சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டார். அவர் பயப்படுகிறார், எனக்குத் தெரியாதா? தெரிகிறது. ஆனாலும் என்ன செய்ய.

மே 31, செவ்வாய்

டாக்டர் அலீம் முதலில் கோபப்பட்டார். செருப்பில்லாமல் மணலில் உட்காரும் மருந்தாளரை வேலைக்கு வைத்தது தன் தப்பு என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, லென்ஸை எடுத்து, என் பாதத்தை வெகுநேரம் பார்த்தார். "பியூட்டிஃபுல்" என்று முணுமுணுத்தார். உடனே வெட்கப்பட்டு, "சாரி" என்றார்.

சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே நிறுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

ஜூன் 2

சண்டை முடிந்தது. இவர் வீட்டு வாரிய ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். தோ பாயோவில் எழும்பும் மாடிவீடுகளுக்கு நாள் முழுக்கப் படம் வரைகிறவர். சாயங்காலம் ஆபீஸிலிருந்து டிரேசிங் காகிதத் துண்டுகள் கொண்டுவந்தார். என் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்து, காகிதத்தை மேலே போட்டு, மெல்லிய பென்சிலால் கோட்டை அப்படியே எடுத்தார்.

"தினம் ஒண்ணு எடுத்தாத்தான் எவ்ளோ தூரம் போச்சுன்னு தெரியும். மையில புள்ளி வச்சாக் குளிச்சாப் போயிரும்" என்றார்.

சுண்டுவிரல் பக்கத்துக் கோட்டுக்கு வாஸலின் களிம்பு. மேலே துணிக்கட்டு. இங்கே மணல் இல்லை, துடைத்துவிடும் குழந்தையும் இல்லை. குதிகால் பக்கத்துக் கோட்டைச் சும்மா விட்டிருக்கிறேன்.

ஜூன் 5, ஞாயிறு

நான்கு காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு கோடுகளும் ஒரே வேகத்தில் வளர்ந்திருக்கின்றன. வாஸலின் களிம்பால் ஒன்றும் ஆகவில்லை. மருந்து எண்ணெய்ப் பசைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, தோலுக்குள் இறங்கவே இல்லை போலிருக்கிறது.

நான் தோற்றதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கேல் இல்ல, காம்பஸ் இல்ல. பாரேன் இந்த வளைவ. இருவது வருஷமாக் கோடு போடுறேன், எனக்கு இது வராது."

ஜூன் 9

அரிப்பு தாங்கவில்லை. மதியம் யாரும் இல்லாதபோது காலைச் சுவரில் வைத்துத் தேய்த்தேன். சல்மா செய்ததாக ருக்கையா சொன்ன அதே மாதிரி.

ஜூன் 11, சனி

தோலை இளக்கிவிட்டால் மருந்து உள்ளே போகும் என்று சாலிசிலிக் அமிலம் கொஞ்சம் சேர்த்து, சுண்டுவிரல் பக்கம் போட்டேன். போட்டதும், ஐயோ! சொறிந்து வைத்த இடமெல்லாம் நெருப்பு. குழாயடிக்கு ஓடிக் கழுவினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டேன். அது வேலை செய்யும் என்று தோன்றுகிறது. ஆனால் செய்து என்ன பயன்? முப்பத்து நாலு வயசுப் பொம்பளை நானே கத்தினேன். நாலு வயசுக் காலில் இதைப் போடச் சொல்வேனா?

ஜூன் 13, திங்கள்

நினைத்தது சரி. சுண்டுவிரல் பக்கத்துக் கோடு நின்றுவிட்டது. அப்படியென்றால் மருந்தில் குறை இல்லை. அதை உள்ளே கொண்டுபோகும் வாகனத்தில்தான் குறை. எரிக்காத வாகனம் ஒன்று வேண்டும்.

ஜூன் 14, செவ்வாய்

நாள் முழுக்கக் கண்ணாடிப் பலகையின் முன்னால். மாத்திரைப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கிளிசரின் விட்டு, தட்டைக் கத்தியால் தேய்த்து, வழித்து, மறுபடி தேய்த்து. முதலில் மணல் மாதிரி இருந்தது, பிறகு மாவு, பிறகு சந்தனம். கடைசியில் விரலிடுக்கில் ஒன்றுமே இல்லாத மாதிரி வழுக்கியது. அதைத் தண்ணீரோடு கலக்கும் மெழுகுக் குழம்பில் சேர்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. தோலில் வைத்துத் தடவினால் வெள்ளை மறைந்து உள்ளே போய்விடுகிறது.

குதிகாலுக்கு மேலே, அந்த இரண்டாவது பயணிக்குப் போட்டுக் கட்டினேன். எரிச்சல் துளியும் இல்லை.

ஜூன் 17, வெள்ளி

நேற்றைய காகிதமும் இன்றைய காகிதமும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஜூன் 20, திங்கள்

நின்றுவிட்டது. கட்டைப் பிரித்துப் பார்த்தோம், கோடு வெளுத்து உலர ஆரம்பித்திருக்கிறது. இவர் புதுக் காகிதத்தை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். "வரைய ஒண்ணும் இல்லியே" என்றார். குரலில் ஒரு ஏமாற்றம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவள், குதிகாலைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கடலோரத்து மணலில் நிமிர்ந்து நின்று எதையோ தேடி, தப்பான கதவைத் திறந்து என்னுள் வந்து, மூன்று வாரம் நடந்து, இப்போது இல்லை.

டாக்டர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுக் கை குலுக்கினார். நாளை மறுநாள் சல்மா வருகிறாள்.

ஜூன் 22, புதன்

முட்டாள், முட்டாள் நான்.

குழந்தைக்குப் பிடிக்கட்டும் என்று களிம்பில் ரோஸ் நிறம் போட்டு, ரோஜா வாசனையும் ரெண்டு சொட்டு விட்டேன். டப்பாவைத் திறந்து காட்டினேன். சல்மாவின் முகம் மலர்ந்தது. நான் பஞ்சு எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஒரு விரல் நிறைய எடுத்து வாயில் வைத்துவிட்டாள்! துருவிய ஐஸில், ஐஸ் கச்சாங்கில் ஊற்றுகிற இனிப்புச் சிரப் என்று நினைத்திருக்கிறாள். "துப்பு, துப்பு!" என்று ருக்கையா வாயில் விரலை விட, குழந்தை அழ, டாக்டர் ஓடிவர...

ஒன்றும் ஆகவில்லை. சின்ன அளவுதான், அதையும் துப்பிவிட்டாள். ஆனால் யாருமில்லாதபோது டப்பாவையே நக்கியிருந்தால்? இனி நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மருந்து மருந்தாகவே இருக்கட்டும்.

ஜூன் 27, திங்கள்

வெள்ளைக் களிம்பு. அரிப்புக்கு இதமாக இருக்கட்டும் என்று காலையிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்திருந்தேன். என் காலில் குளிர்ச்சியாகப் போட்டபோது எவ்வளவு சுகமாக இருந்தது!

பாதத்தில் பட்டதுதான் தாமதம். காலை உதறி, ருக்கையாவின் தோளில் ஏறி, மே மாதம் கேட்ட அதே அலறல். எரிகிறதா என்று கேட்டேன். "டிங்கின், டிங்கின்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கம்பத்தில் பழகிய மலாய்.

"குளுருதுங்குறா மிஸ்ஸி" என்றாள் ருக்கையா.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலுக்குக் குளிர் என்றால் எத்தில் குளோரைடு. வேறென்ன? என் கால் சொன்னதை நம்பிக்கொண்டு இவள் காலைக் கேட்க மறந்துவிட்டேன்.

இன்று தடவவில்லை. அப்படியே அனுப்பிவிட்டோம்.

ஜூன் 29, புதன்

டப்பாவை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு சல்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். ருக்கையாவோடு தேக்காவில் கோழி விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் டப்பாவைக் குழந்தையிடம் நீட்டினேன்.

"தொட்டுப் பாக்குறியா? குளுருதா?"

ஒரு விரலால் தொட்டாள். எடுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

"அது எங்கிட்டேருந்து எடுத்துக்கிட்ட சூடு. இப்ப நீ குடு."

இரண்டு கையாலும் டப்பாவைப் பொத்திக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கோழி முட்டையை அடைகாக்கிற மாதிரி. பிறகு தன் காலைத் தானே மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் பஞ்சை நீட்டினேன். "நானே" என்றாள்.

விரலில் கொஞ்சம் எடுத்து, கோட்டின் ஆரம்பத்திலிருந்து அதன் மேலேயே தடவிக்கொண்டு போனாள். வளைகிற இடத்தில் வளைந்து, திரும்புகிற இடத்தில் திரும்பி, தன்னைத் தாண்டுகிற இடத்தில் தாண்டி. ஒரு இடம் விடவில்லை. அந்தப் புழு போன வழியெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எத்தனை இரவு விழித்திருந்து கற்றுக்கொண்ட வழி அது! கோடு முடிந்த இடத்தில் நிற்காமல் இன்னும் கொஞ்ச தூரம் தடவினாள்.

"அங்க ஏன்?" என்று கேட்டேன்.

"இங்கதான் இருக்கு. கடிக்குது" என்றாள்.

டாக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புழு எங்கே இருக்கிறது என்று அந்தக் குழந்தையை நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

ஜூலை 1

டாக்டரின் ஒரே திருத்தம்: தடவி முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதையும் குழந்தையிடமே சொல்லச் சொன்னார்.

ஜூலை 6, புதன்

ருக்கையா தனியாக வந்தாள். ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்தேன்.

"என்ன ஆச்சு? சல்மா எங்க?"

"தூங்குறா மிஸ்ஸி." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நேத்து சாயங்காலம் மஃரிபு தொழுகை முடிஞ்சு படுத்தவ. காலைல எழுப்புனேன், எந்திரிக்கல. பயந்துபோய் மூக்குல கை வச்சுப் பாத்தேன். நல்லாத் தூங்குறா. அவ அத்தா கடையத் தொறக்காமப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு. நான் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

அதைச் சொல்ல மட்டும், இரண்டு பஸ் மாறி.

ஆகஸ்ட் 8, திங்கள்

நாளை சுதந்திர தினம், முதலாவது ஆண்டு. அணிவகுப்பு பார்க்கப் பாடாங் மைதானத்துக்குப் போகலாம் என்கிறார் இவர். இன்று கிளினிக்கில் மூன்று பிள்ளைகளுக்குக் களிம்பு கொடுத்தோம், ஒரு சீனப் பையன், ஒரு மலாய்ப் பையன், பீட்டி ரோட்டிலிருந்து ஒரு பெண் குழந்தை. மூவரிடமும் டாக்டரே முதலில் கேட்டார், "எங்க இருக்கு, காட்டு."

செப்டம்பர் 19, திங்கள்

ஒரு பிள்ளைக்குப் பலிக்கவில்லை. பாதம் முழுக்கக் கோடுகள், களிம்பு போதவில்லை. மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டி வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா போதும் என்று நான் நினைத்துக்கொள்ளக் கூடாது.

டிசம்பர் 5, திங்கள்

பள்ளி விடுமுறை, மழைக்காலம். சாங்கி, பாசிர் ரிஸ், கத்தோங் என்று எங்கெங்கோ கடற்கரைக்குப் போன பிள்ளைகளெல்லாம் இந்த வாரம் எங்களிடம் வருகிறார்கள். டாக்டர் ஏற்கெனவே பார்த்த பிள்ளைகளுக்கு ஜன்னலிலேயே டப்பா கொடுத்துவிடுகிறேன். காலையிலிருந்து களிம்பு குழைத்து எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

பதினொரு மணி வாக்கில் டாக்டர் அலீம் தன் அறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். பிள்ளைகள் அழுகிற சத்தத்தில் நோயாளி பேசுவது கேட்காது என்று அந்தக் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்.

"என்ன, இன்னிக்கு யாருமே வரலையா?" என்றார்.

நான் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன்.

இரண்டு பெஞ்சும் நிறைந்து, இடமில்லாதவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் அவரவர் கால். சிலர் டப்பாவைக் கைக்குள் பொத்திச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். சிலர் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொடியன் தன் கோடு பக்கத்துப் பையனுடையதைவிட நீளம் என்று அவனிடம் குசுகுசுவென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஒரு அம்மா சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள்.

டாக்டர் ஒவ்வொரு காலாகப் பார்த்தார். பிறகு சத்தம் போடாமல் உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.